ஒருமுறை கைக்கு வரும் காசு
உடைந்த காருக்குப் பதிலாகப் பழைய வேகன் வாங்கிய ஒரு குடும்பத்தின் கணக்கு

தோப்பூருக்கு அருகே கிரவல் வீதியோரம் உள்ள ஒரு வளவில், பாலை மரத்தின் கீழ் ஒரு கார் கிடக்கிறது. முன்பக்கம் நெளிந்து, கண்ணாடி நொறுங்கி, ஒரு சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. கோழிகள் பின் சீற்றில் முட்டையிடத் தொடங்கிவிட்டன. சில மாதங்களுக்கு முன்வரை இந்தக் கார்தான் அந்த வீட்டுக் கத்தரிக்காயையும் பயற்றங்காயையும் மூதூருக்கும் திருகோணமலைக்கும் கொண்டு போனது. அயலில் இன்னும் மூன்று குடும்பங்கள் தங்கள் மரக்கறியையும் அதிலேயே ஏற்றி, எண்ணெய்ச் செலவைப் பங்கிட்டு வந்தன.

ஒரு நாள் இரவு திருகோணமலையிலிருந்து திரும்பும்போது, பிரதான வீதியில் படுத்திருந்த எருமை மாடு இருட்டில் தெரியவில்லை. கார் மாட்டில் மோதி வாய்க்காலுக்குள் சரிந்தது. ஓட்டி வந்த தம்பிக்குக் கை முறிவு. உயிர் தப்பியது இறைவன் செயல். ஆனால் காரைத் திருத்தும் செலவு அதன் பெறுமதியை விடக் கூடியது என்று கராஜில் சொல்லிவிட்டார்கள்.

காப்புறுதி இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. நமது வாகனத்தால் வேறொருவருக்கு நேரும் காயத்துக்கும் இழப்புக்குமே அது பொறுப்பேற்கும். நமது வாகனம் உடைந்தால் ஒரு சதமும் வராது. செலவு குறைவு என்பதற்காக நம்மில் பலர் அதையே எடுக்கிறோம். என்ன எடுத்தோம் என்பது விபத்துக்குப் பிறகுதான் விளங்குகிறது.

இந்தக் குடும்பம் 2006 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, மட்டக்களப்புப் பக்கம் முகாம்களில் இருந்து, திரும்பி வந்து வெறும் வளவில் கொட்டில் போட்டுத் தொடங்கிய குடும்பம். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் இருந்து கந்தளாய்க்கு நடந்து போனவர்களும் இதை வாசிப்பீர்கள். சம்பூரை விட்டு வெளியேறி, 2015 ஆம் ஆண்டுக்குப் பிறகே சொந்தக் காணியைக் கண்டவர்களும் வாசிப்பீர்கள். நம் எல்லோருக்கும் ஒன்று பொது. கையில் சேரும் பெரிய தொகை ஒருமுறைதான் சேரும். அது பிழைத்தால் மீண்டும் சேர்க்க ஆயுள் போதாது. அந்தக் காசை வைத்து ஒரு பழைய வாகனத்தை எப்படித் தெரிவு செய்வது என்பதை, இந்தக் குடும்பத்தோடு கூடத் திரிந்து கண்டதைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வேலை, பிறகு வாகனம்

அந்த வீட்டு அக்கா ஒரு கொப்பி வைத்திருக்கிறார். வரவு, செலவு, கடன் எல்லாம் அதில் இருக்கும். உடைந்த காரின் பற்றரியையும் இரண்டு நல்ல டயர்களையும் விற்ற காசு, பெரும்போக நெல் விற்ற காசு, ஒரு சோடி மாடு விற்ற காசு, அடகு வைக்காமல் மிஞ்சியிருந்த ஒரு சங்கிலி. இவ்வளவும்தான் முதல்.

தம்பிக்கு அவசரம். “அக்கா, சந்தைக்குப் போகாட்டிக் காய் முத்திப் போகும். கெதியா ஒண்டப் பாத்து எடுப்பம்” என்றார்.

அக்கா கொப்பியை விரித்தார். “எடுப்பம். ஆனா அது என்ன வேலை செய்யோணும் எண்டு முதல்ல எழுது” என்றார்.

எழுதினார்கள். கிழமையில் மூன்று நாள் சந்தை. ஒரு பயணத்துக்கு ஆறு மூட்டை, மூட்டை ஒன்று 40 கிலோ, ஆக 240 கிலோ. விதைப்புக் காலத்தில் பசளை. மழை நாளில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவது. அம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கொண்டுபோவது. மாத ஓட்டம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர்.

இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது. லேண்ட்மாஸ்டர் வயலுக்கு நல்லது, பிரதான வீதியில் தூரப் பயணத்துக்கு ஆகாது. முச்சக்கர வண்டி ஆறு மூட்டையைத் தாங்காது. பட்டா லொறி சுமைக்குப் பொருத்தம், ஆனால் அம்மாவையும் பிள்ளைகளையும் பின் தட்டில் இருத்த முடியாது. சாதாரண காரின் டிக்கிக்குள் இரண்டு மூட்டைக்கு மேல் போகாது. பழைய காரின் பின் சீற்றைக் கழற்றி அதற்குள் மூட்டை அடுக்கித்தான் இதுவரை ஓடினார்கள்.

பின் சீற்றை மடித்தால் சாமான் ஏற்றலாம், நிமிர்த்தினால் ஆள் ஏற்றலாம். அதுதான் வேகன். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டேஷன் வேகன் என்ற பெயர் வந்ததே, அமெரிக்காவில் ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஒன்றாக ஏற்றிச் சென்றதால்தான்.

வீதி மாறியதால் வந்த தேவை இது. முன்னர் நாம் மூதூரிலிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்தோம். தரை வழியில் போனால் துறைகளில் பாதைக்காகக் காத்து நின்றோம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்த பிறகு, விடியற்காலை பிடுங்கிய காய் அன்று காலையே திருகோணமலைச் சந்தையில் நிற்கலாம் என்றாயிற்று. வாகனம் உள்ளவருக்கு விலை, இல்லாதவருக்கு இடைத்தரகர் சொன்னதே விலை.

பழையதற்கு ஏன் இவ்வளவு விலை?

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியோ மிக அதிகம். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் உள்ளே இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. 1980களிலும் 1990களிலும் செய்த வேகன்கள் இனி வெளியிலிருந்து வரப்போவதில்லை. ஆகவே விற்பவர் எதையும் மினுக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார். பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது கட்டாயம்.

தோப்பூரில் கராஜ் வைத்திருக்கும் ஒரு நாநாவை இவர்கள் கூட்டிப்போனார்கள். அவரும் 2006 இல் கந்தளாய் முகாமில் இருந்தவர். ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். “கூலி வேணாம் தம்பி” என்றார் அவர். “வேணும் நாநா. சும்மா வந்தா நீங்க எங்கட மனம் நோகாமத்தான் கதைப்பீங்க” என்றார் அக்கா. நல்ல சொல் அது.

முதலாவது வாகனம்: மினுங்கும் வேகன்

திருகோணமலையில் ஒரு டொயோட்டா கொரோலா டீ.எக்ஸ். வேகன் நின்றது. 1980களின் வாகனம். பின்சக்கரம் இழுக்கும் வகை, பின்னால் ஸ்பிரிங் தகடு. எஞ்சின் எளிமையானது, கிராமத்து மெக்கானிக்கும் திருத்துவார், உதிரிப்பாகமும் கிடைக்கும். வெள்ளைப் பெயின்ற் புத்தம் புதிதாக மினுங்கியது. தம்பியின் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

நாநா பொக்கற்றிலிருந்து துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார், பிடித்தது. கதவின் கீழ் விளிம்பில் வைத்தார், விழுந்தது. சக்கரத்துக்கு மேலே வைத்தார், அங்கும் விழுந்தது. இரும்பு உக்கிப் போன இடத்தைப் பட்டி பூசி நிரப்பி, மேலே பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். பிறகு பின்பக்க ரப்பர் விரிப்பைத் தூக்கினார். தரைத் தகட்டில் ஊசி குத்தினால் போகும் அளவுக்குத் துரு.

“இது மீன் ஏத்தின வாகனம் தம்பி. ஐஸ் தண்ணியும் உப்பும் ஊறியிருக்கு” என்றார்.

எஞ்சின் பழுதானால் கழற்றி மாற்றலாம். உடல் உக்கினால் மாற்ற வழியில்லை. கடற்கரை மாவட்டமாகிய நமக்கு இது முதற் பாடம். பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, பின் தரை, ஸ்பிரிங் தகடு உடலோடு சேரும் இடம். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் விரல் போய், மறுபக்கம் போகாவிட்டால் அது மோதி நிமிர்த்திய வாகனமாகவோ, இரண்டு வாகனங்களை வெட்டி ஒட்டியதாகவோ இருக்கலாம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் சந்தேகம் கொள்ளுங்கள்.

இரண்டாவது வாகனம்: மலிவான வேகன்

அடுத்தது 1990களின் நிசான் ஏ.டி. வேகன், டீசல். விலை மற்றவற்றை விட நன்றாகக் குறைவு. “அவசரத்துக்கு விக்கிறம்” என்றார் தரகர்.

நாநா ஓட்டுநர் பக்கத்து சீற் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்தார். நாம் வழக்கமாக இழுக்கும் நீளம் வரை சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்று நிறம். சீற்றைப் பிடித்திருக்கும் ஆணிகளில் புதுத் துரு. முன் விளக்கின் கண்ணாடிக்குள் நீர் வற்றிய கோடு. விரிப்பின் கீழே மெல்லிய வண்டல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நம் மறதிக்கு உரியதல்ல. மூதூர், வெருகல் பக்கங்களும் மூழ்கின. நாட்டின் பல மாவட்டங்களிலும் வாகனங்கள் வெள்ளத்துக்குள் நின்றன. அவற்றில் சில கழுவப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. வெள்ளத்தில் நின்ற வாகனம் அன்றைக்கு ஓடும். ஆறு மாதத்தில் மின் கம்பிகளின் பொருத்துகள் உக்கும், ஸ்ராட்டர் நிற்கும், சக்கரத்துப் பேரிங் சத்தமிடும். மலிவாக வாங்கிய மிச்சத்தைக் கராஜில் கொடுத்து முடிப்போம்.

வெள்ளம் பட்டது என்று சொல்லி விற்பவர் நேர்மையானவர். அதை மறைத்து விற்பவர், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த இன்னொருவரின் தலையில்தான் கட்டுகிறார். நாமும் நமது உடைந்த வாகனத்தை விற்கும்போது இதை நினைவில் வைப்போம்.

மூன்றாவது வாகனம்: அழகில்லாத வேகன்

மூன்றாவதைக் கந்தளாயில் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் டொயோட்டா கொரோலா வேகன், 1990களின் நடுப்பகுதி, பெற்றோல். பெயின்ற் மங்கி, பொனற்றில் வெடிப்பு விழுந்திருந்தது. தம்பி திரும்பியும் பார்க்கவில்லை.

காந்தம் எல்லா இடத்திலும் பிடித்தது.

காலையில் எஞ்சின் சூடாகும் முன் போக வேண்டும் என்று நாநா முதலே சொல்லியிருந்தார். சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும். பொனற்றில் கை வைத்து, குளிர்ந்திருக்கிறது என்று உறுதிப்படுத்திய பின் இயக்கச் சொன்னார். புகையைப் பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் எண்ணெய் மிதமிஞ்சிப் போகிறது. குளிர் காலையில் சிறிது வெள்ளை ஆவி வருவது இயல்பு. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நில்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. ஒயில் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலக்கிறது. அந்த வாகனத்தை விட்டு வந்துவிடுங்கள்.

இந்த வேகனில் அவை இல்லை. இருந்த குறைகள் வேறு. ரேடியேற்றரில் மெல்லிய கசிவு. பின் சொக் அப்சோபர் இரண்டும் முடிந்துவிட்டன. இரண்டு டயர் மாற்ற வேண்டும். டைமிங் பெல்ற் எப்போது மாற்றினார்கள் என்று ஆசிரியருக்கு நினைவில்லை. பெல்ற் உள்ள எஞ்சினில் அதன் வயது தெரியாவிட்டால் வாங்கியவுடன் மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும், சில எஞ்சின்களில் உள்ளேயும் உடையும்.

நாநா வாகனத்தில் நான்கு பேரை ஏற்றி, நல்ல வீதியிலும் கிடங்கு விழுந்த வீதியிலும் ஓட்டினார். வெறும் வாகனத்தை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சுமையோடு ஓட்டினால்தான் கிளச் வழுக்குவதும் பிரேக் ஒரு பக்கம் இழுப்பதும் தெரியும்.

அக்கா கொப்பியில் ஒவ்வொரு குறைக்கும் நேரே செலவை எழுதிக் கூட்டினார். விலை பேசும்போது அந்தப் பக்கத்தை ஆசிரியரிடமே காட்டினார். “சேர், நாங்க குறை சொல்ல வரல்ல. இதெல்லாம் நாங்க உடனே செய்ய வேண்டிய வேலை. இதக் கழிச்சுத் தாங்க” என்றார். ஆசிரியர் கண்ணாடியைப் போட்டு வாசித்துப் பார்த்தார். முழுவதையும் அவர் குறைக்கவில்லை, பெரும்பகுதியைக் குறைத்தார்.

எண்ணெய்க் கணக்கையும் அக்கா விடவில்லை. மாதம் 600 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனம் 60 லீற்றர் குடிக்கும். 12 கிலோமீற்றர் ஓடுவது 50 லீற்றர் குடிக்கும். ஆண்டு முழுவதும் 120 லீற்றர் வித்தியாசம். 2022 இல் எரிபொருள் வரிசையில் நாள் கணக்காக நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

புத்தகத்தில் யாருடைய பெயர்?

வாகனம் நல்லதாக இருந்தும் பத்திரம் பிழைத்தால் காசு போனது போனதுதான். இடம்பெயர்ந்த நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. “சண்டைக்குள்ள புத்தகம் துலைஞ்சு போச்சு” என்று சொல்லி விற்பவர்கள் நம் பகுதிகளில் உண்டு. சிலருக்கு அது உண்மையும்கூட. உண்மையானால், விற்பவரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி எடுத்துத் தரட்டும். அதற்குப் பிறகு காசு கொடுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் அடித்த இடத்தில் ஒட்டு வேலை தெரிந்தால் விலகுங்கள்.

லீசிங் உள்ள வாகனமானால் அந்த நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருக்கும். அது நீங்காத வரை விற்பவர் கையில் இருப்பது உரிமை அல்ல, கடன்.

பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரத்தோடு வாகனம் பல கை மாறுவது இங்கே வழக்கம். பதிவு உரிமையாளர் இறந்தாலோ, வெளிநாடு போனாலோ, வாகனம் குற்றத்தில் பட்டிருந்தாலோ கடைசியாக வாங்கியவரே அலைய வேண்டும். இந்த வேகனில் புத்தகம் ஆசிரியரின் சொந்தப் பெயரில் இருந்தது. அடையாள அட்டையோடு ஒப்பிட்டார்கள். காசு கொடுத்த அன்றே உரிமை மாற்றப் பத்திரங்களில் இரு பக்கமும் ஒப்பமிட்டு, தாமதமின்றி ஒப்படைத்தார்கள்.

மரத்தின் கீழ் கிடக்கும் பழைய காருக்கும் இதே நியாயம்தான். பாகம் பாகமாக விற்றாலும், முழுதாக விற்றாலும், பதிவு உங்கள் பெயரிலேயே கிடக்க விடாதீர்கள். அந்த இலக்கத்தில் யார் எதைச் செய்தாலும் முதலில் உங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும்.

மாதத் தவணையும் போக வரவும்

கதை இங்கே ஒருமுறை தடுமாறியது. ஆசிரியரின் வேகனைப் பார்த்துத் திரும்பும் வழியில் தம்பி சொன்னார்: “லீசிங் போட்டா இதவிடப் புதுசே எடுக்கலாம் அக்கா. கையில இருக்கிறதக் கட்டிட்டு மிச்சத்த மாசா மாசம் கட்டலாம்.”

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. இரவு விளக்கின் கீழ் கொப்பியில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதினார். நெல்லுக் காசு வரும் மாதங்களுக்கு நேரே புள்ளி வைத்தார். பெரும்போகத்துக்கு ஒன்று, சிறுபோகத்துக்கு ஒன்று. மரக்கறிக் காசு வருவது சில மாதங்கள். மழைக் காலத்தில் அதுவும் இல்லை. பிறகு தம்பியைக் கூப்பிட்டு, “மாசம் 30,000 எண்டு வை. வருசத்துக்கு 3,60,000. இந்த வெறும் மாசங்களில எங்கயிருந்து கட்டுவம்? சொல்லு” என்றார்.

தம்பி அந்த வெறும் மாதங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தவணைக் கடன் எல்லோருக்கும் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் உள்ளவருக்கு அது பொருந்தும். கமக்காரருக்கு வரவு போகத்துக்கு ஒருமுறை, தவணை மாதத்துக்கு ஒருமுறை. வெள்ளமோ வரட்சியோ ஒரு போகத்தைக் கொண்டு போனால் வாகனமும் போகும், கட்டிய காசும் போகும். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து, முடிக்கத் தன்னிடம் உண்டா என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை, நம்மைப் போன்றவர்களுக்கும் சொன்னதுதான்.

வாங்கிய பிறகு

கையில் இருந்த காசு முழுவதையும் அவர்கள் வாகனத்துக்குக் கொடுக்கவில்லை. பெல்ற், ரேடியேற்றர், சொக் அப்சோபர், இரண்டு டயர் ஆகியவற்றுக்கும், பெயர் மாற்றம், புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கும் முதலே ஒதுக்கி வைத்திருந்தார்கள். சங்கிலியை விற்கவில்லை.

இம்முறை முழுக் காப்புறுதி விசாரித்தார்கள். பழைய வாகனங்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. விசாரித்து, எழுத்தில் வாங்கி, வாசித்துப் பார்த்தே ஒப்பமிட வேண்டும். அயல் குடும்பங்களின் மூட்டைகளையும் ஏற்றுவதை மறைக்காமல் சொன்னார்கள். பத்திரத்தில் சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டுக் கூலிக்கு ஓடினால், விபத்து நேரும்போது நிறுவனம் கை விரிக்கலாம்.

தம்பிக்கு அக்கா ஒரு கட்டளையும் இட்டார். இருட்டுமுன் சந்தையிலிருந்து புறப்பட வேண்டும். முடியாத நாளில் திருகோணமலையில் உறவினர் வீட்டில் தங்கி, விடிந்த பின் வர வேண்டும். வீதியில் மாடுகளைப் படுக்க விடும் நாமும் இதில் பங்காளிகள். இரவில் மாட்டைப் பட்டியில் அடைப்பதும் அயலவரைக் காப்பதுதான்.

கடந்த வாரம் போனபோது மங்கிய அந்த வேகன் வாசலில் நின்றது. பின் சீற்றை மடித்து ஆறு மூட்டை ஏற்றியிருந்தார்கள். பொனற் வெடிப்பைப் பற்றி இப்போது தம்பி கதைப்பதில்லை. “ரேடியேற்றர் தண்ணி பாத்தியா?” என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டார். “பாத்துட்டன் அக்கா” என்றார் அவர். கொப்பியில் அன்றைய கிலோமீற்றரை எழுதிய பிறகே வாகனம் புறப்பட்டது.